நான்கு மீட்டர் வண்டியும் எழுபது வளைவுகளும்

இந்தியாவில் காம்பாக்ட் எஸ்யூவியின் நீளத்தைத் தீர்மானித்தது வரிச் சட்டம். 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. எது சிறிய கார் என்பதற்கும் அளவு வகுத்தது: நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது; பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருக்கும் வண்டிக்கு 18 சதவீதம், வெளியே நிற்கும் வண்டிக்கு 40 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. எந்த ஷோரூமுக்குப் போனாலும் இந்த வகை வண்டிகளின் விவரத் தாளில் 3,995 மில்லிமீட்டரை ஒட்டிய நீளமே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்த நீளத்துக்குள் எஞ்சின், ஆட்கள், சாமான் ஆகிய மூன்றும் இடம் கேட்கின்றன. ஒன்றுக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறையும். 2019 பிப்ரவரியில் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி300 முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,600 மில்லிமீட்டர் வைத்தது. மாருதி, டாடா, ஹூண்டாய் வண்டிகளில் அது 2,500ஐ ஒட்டியே இருந்தது. கூடுதலாகக் கிடைத்த அந்த நான்கு விரற்கடை பின்னிருக்கையில் அமர்பவரின் முழங்காலுக்குப் போயிற்று. டிக்கி 260 லிட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ரெனோ கைகர் 405 லிட்டர் டிக்கி தந்தது, ஆனால் அதன் முன்பக்கத்தில் இருப்பது 1 லிட்டர் எஞ்சின்.

எஞ்சினுக்கும் வரியே கடிவாளம் போட்டது. 1,200 சிசிக்கு மேல் போனால் வரி ஏறும் என்பதால், பெரும்பாலான நிறுவனங்கள் சிறிய பெட்ரோல் எஞ்சினில் டர்போவைப் பொருத்தி வலுவைக் கூட்டின. டாடா நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ 120 பிஎஸ் தருகிறது. ஹூண்டாய் வென்யூவின் 1 லிட்டர் டர்போவும் 120 பிஎஸ்தான். மாருதி பிரெஸ்ஸா மட்டும் கூடுதல் வரியைச் சுமந்துகொண்டு, டர்போ இல்லாத 1,462 சிசி எஞ்சினோடு 103 பிஎஸ் அளவில் நின்றது. தாளில் பார்ப்பவருக்கு பிரெஸ்ஸா இவற்றைவிட வலுக் குறைந்த வண்டி. மலைப்பாதையில் அந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பது இந்த விஷயத்தின் மையமான பகுதி. அதற்கு முன், இந்த வண்டிகளில் மலை ஏறும் ஓர் ஊரையும் அதன் சாலைகளையும் பார்த்துவிட வேண்டும்.

தம்மம்பட்டி, சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கங்கவல்லி வட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை, நடுவே சுவேத நதி. வடக்கே ஆத்தூருக்குப் போனால் சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. தெற்கே இரு மலைகளின் இடைவெளி வழியாகத் துறையூர். மேற்கே ராசிபுரம், அதையும் தாண்டி நாமக்கல். பாக்குத் தோப்பும் மரவள்ளியும் மஞ்சளும் உள்ள பூமி. ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மரச்சிற்பம்; கோயில் வாகனங்களும் சாமி உருவங்களும் இங்கிருந்து வெளியூர் போகின்றன, புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்த ஊரில் கார் வாங்குகிற குடும்பம் ஒரே வண்டியை எல்லாவற்றுக்கும் வாங்குகிறது. தோப்புக்கும் அது, சேலத்து மருத்துவமனைக்கும் அது, கல்யாணத்துக்கும் அது, ஆடி மாதம் அறப்பளீஸ்வரரைப் பார்க்கக் கொல்லிமலை ஏறவும் அதுவே. மாநகரத்தில் இரண்டு கார் வைத்திருப்பவர் ஒன்றைப் பயனுக்கும் மற்றொன்றை விருப்பத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தப் பிரிவினைக்கு வழியில்லை.

வண்டியைப் பற்றிய அறிவில் சேலம் – நாமக்கல் சமவெளிக்கு இணையான பகுதி நாட்டில் அதிகம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். நாமக்கல் லாரிக்கும் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பேர்போன ஊர். சங்ககிரியும் லாரி ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்ட நாடு முழுக்கப் போகின்றன. குடும்பத்தில் ஒருவராவது ஸ்டியரிங் பிடித்தோ, லாரி வைத்தோ, பட்டறையில் வேலை செய்தோ இருப்பார். இந்த மக்கள் வண்டியை எடைபோடும் முதல் சொல் ‘இழுவை’. வெறும் வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று லாரிக்காரர் கேட்பதில்லை. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் எந்த கியரில் ஏறுகிறது, இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் இறங்குகிறதா, டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்குகிறது என்பவைதான் அவர் கேள்விகள். அவருக்கு ஓட்டும் திறனும் பயன்பாடும் ஒரே விஷயம். அதே மனிதர் தன் வீட்டுக்குக் கார் வாங்கப் போகும்போது மட்டும் இந்த அறிவை ஷோரூம் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார் என்பது வருத்தம் தரும் உண்மை. உள்ளே மைலேஜ், டிக்கி, சர்வீஸ், மறுவிற்பனை எல்லாம் பெரியவர்களின் பேச்சு. பிக்கப், கன்ட்ரோல் இரண்டும் இளைஞர்களின் ஆசை என்று பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பங்கீடு உருவான கதைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2012 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டு, 2013 ஜூனில் 5.59 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. செங்கல்பட்டை ஒட்டிய மறைமலை நகரில் தயாரான வண்டி. நான்கு மீட்டருக்குள் எஸ்யூவி செய்ய அதற்கு முன்பும் சிலர் முயன்றார்கள். பிரீமியர் ரியோ 2009இல் வந்தது, மகிந்திரா குவான்டோ 2012இல் வந்தது. மக்களை இந்த வகையின் பக்கம் திருப்பியது ஈகோஸ்போர்ட். ஸ்டியரிங்கின் துல்லியம், வளைவில் சாயாமல் நிற்கும் உடல், குழியில் விழுந்தாலும் நிலைகுலையாத சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்காக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் அதை இன்றும் புகழ்கிறார்கள். அதில் வந்த 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சின் விருது பெற்றது. அந்தச் சிறிய எஞ்சினில் 125 பிஎஸ். மறைமலை நகரிலிருந்து அமெரிக்கா வரைக்கும் அந்த வண்டி ஏற்றுமதி ஆயிற்று.

2016 மார்ச்சில் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா வந்தது. அப்போது அதற்கு ஒரே எஞ்சின், ஃபியட்டிடம் உரிமம் பெற்ற 1.3 லிட்டர் டீசல். 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர். ஓட்டுவதில் ஈகோஸ்போர்ட்டின் நயம் அதில் இல்லை. ஆனாலும் விற்பனையில் ஈகோஸ்போர்ட்டை அது விரைவிலேயே முந்திவிட்டது. காரணங்கள் தெளிவானவை. பின்னிருக்கையில் மூன்று பேர் ஓரளவு வசதியாக உட்காரலாம். டிக்கிக் கதவு மேலே தூக்கித் திறப்பது. ஈகோஸ்போர்ட்டில் ஸ்டெப்னியைச் சுமந்த கதவு பக்கவாட்டில் திறக்கும் என்பதால், சந்தையில் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் டிக்கியைத் திறக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிய ஊர்களிலும் மாருதி சர்வீஸ் கிடைக்கும். உதிரிப் பாகம் கிடைக்கும். விற்றால் வாங்க ஆள் வரும்.

பிறகு 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கணக்குச் சொன்னது. ஏற்றுமதிக்கான கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் மறைமலை நகரை விட்டு வெளியே வந்தது. இந்த முடிவைப் பார்த்து, ‘ஓட்ட நன்றாக இருக்கும் வண்டியை வாங்கினால் கடைசியில் இப்படித்தான்’ என்று பலர் முடிவு கட்டினார்கள். அது சரியான பாடம் அல்ல. ஈகோஸ்போர்ட் தோற்றது அது நன்றாக ஓடியதால் அல்ல. பின்னிருக்கை, டிக்கி, சர்வீஸ் தூரம் ஆகியவற்றில் அந்த நிறுவனம் எதிராளி அளவுக்குக் கவனம் வைக்காததால். நன்றாக ஓடும் குணம் ஒரு குறையாக என்றும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கதைக்குப் பிறகு, ஓட்டும் திறன் என்றாலே நடைமுறைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்ற எண்ணம் சந்தையில் உறைந்துவிட்டது. அந்த எண்ணத்தைக் கொல்லிமலையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டு மலைப்பாதையில் இருப்பவை 20தான். அடிவாரத்திலிருந்து மேலே ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கார் 1,200 கிலோ, ஐந்து பேர் 320 கிலோ, சாமான் 30 கிலோ என்றால் மொத்தம் 1,550 கிலோ. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கொடுக்கும்போது ஓட்டுபவரும் விற்பனையாளரும் மட்டுமே இருப்பார்கள். சாலையும் சமமாக இருக்கும். குடும்பத்தோடு ஏறும் வண்டி அதைவிட இருநூறு கிலோவுக்கு மேல் கனமானது. குதிரைத்திறன் அதே எண்தான், ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடுகிறது. ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம் போகும். 72 பிஎஸ் தரும் டர்போ இல்லாத 1 லிட்டர் எஞ்சின், 83 பிஎஸ் தரும் 1.2 லிட்டர் எஞ்சின் ஆகியவற்றோடு வரும் தொடக்க விலை வண்டிகளில், மலையடிவாரத்தில் ஏசியை அணைத்துவிட்டு முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுவது வழக்கமாகவே ஆகிவிட்டது.

இங்கேதான் விவரத் தாளின் பெரிய எண்கள் ஏமாற்றுகின்றன. குதிரைத்திறன் என்பது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. பிரெஸ்ஸாவின் 103 பிஎஸ் நிமிடத்துக்கு 6,000 சுற்றில், நெக்ஸான் டர்போவின் 120 பிஎஸ் 5,500 சுற்றில். கொண்டை ஊசி வளைவில் யாரும் அந்தச் சுற்றுக்குப் போக முடியாது. வளைவுக்குள் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்கு இறங்கும். இரண்டாவது கியரில் இருந்தால் எஞ்சின் 1,200 சுற்றை ஒட்டி ஓடும். அந்த இடத்தில் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கிறது என்பது மட்டுமே அப்போது பொருட்டு. டர்போ எஞ்சினுக்கு 170 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருப்பது 1,500 அல்லது 1,750 சுற்றில் தொடங்குகிறது. அதற்குக் கீழே வெளிவரும் புகைக்கு டர்போவின் விசிறியைச் சுழற்றும் வேகம் போதாது, காற்றழுத்தம் சேராது. அழுத்தம் சேராத 1 லிட்டர் டர்போ, வெறும் 1 லிட்டர் எஞ்சின். ஓட்டுபவர் மிதிக்கிறார், வண்டி யோசிக்கிறது. பின்னால் பஸ் நெருங்கி நிற்கிறது. முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சைக் கொஞ்சம் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அழுத்தம் சேர்ந்ததும் வண்டி திடீரென்று பாய்ந்து அடுத்த வளைவுக்குள் போய்விடும். எழுபது முறை இதைச் செய்த பிறகு கிளட்ச் வாசனை வரும்.

பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் எஞ்சின் உச்சத்தில் 137 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,400 சுற்றில். ஆனால் டர்போ இல்லாத எஞ்சினில் விசை படிப்படியாக ஏறுவது. 1,200 சுற்றில் அதன் பெரும்பகுதி கையில் இருக்கும். பள்ளத்தில் விழுந்தது போன்ற அந்த வெற்றிடம் இருக்காது. எண்ணில் சிறிய எஞ்சின் வளைவில் பெரியதாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். இதையும் மிஞ்சுவது டீசல். நெக்ஸானின் 1.5 டீசல் 260 நியூட்டன் மீட்டர், வென்யூ டீசல் 250, மகிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ டீசல் 300. எல்லாம் 1,500 சுற்றை ஒட்டியே கிடைத்துவிடும். டீசலிலும் டர்போ உண்டு, 1,200 சுற்றில் அதிலும் சிறிது தயக்கம் இருக்கும். ஆனால் எஞ்சின் கொள்ளளவு பெரியது என்பதால் அந்தத் தயக்கம் பெட்ரோல் டர்போவில் போல் வண்டியை நிறுத்திவிடாது. சிறிய டர்போ பெட்ரோலில் மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்பவருக்கு டார்க் கன்வர்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரிய உதவி. அது எஞ்சினைத் தன்போக்கில் சற்று வேகமாகச் சுழலவிட்டுப் பள்ளத்தை மறைத்துவிடும். விலை குறைந்த ஏஎம்டி அந்த வேலையைச் செய்வதில்லை. கிளட்சை இயந்திரம் பிடிக்கிறது, மனிதர் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அதில் வேறுபாடு இல்லை. வளைவின் நடுவில் கியரை மாற்றப் போய் வண்டியைத் தடுமாற வைப்பதும் உண்டு.

இறக்கம் ஏற்றத்தைவிட முக்கியம். அதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. 1,550 கிலோ வண்டியை 1,000 மீட்டர் மேலே கொண்டுபோக 15 மெகா ஜூல் ஆற்றல் வேண்டும். வீட்டு மின்கணக்கில் சொன்னால் 4 யூனிட்டுக்கு மேல். இறங்கும்போது அவ்வளவும் வெப்பமாக வெளியே போய்த் தீர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் தகடும் லைனிங்கும் கொதித்து, பிரேக் ஆயில் குமிழி விட்டு, மிதி தரைவரைக்கும் அமுங்கும். பின்சக்கரத்தில் டிரம் உள்ள விலை குறைந்த வகைகளில் சூடு தணிவதும் மெதுவாகத்தான். ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுபவர்கள் கற்றுக்கொடுப்பது இதற்காக. அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் மின்கார் போன்றவை இறங்கும்போது மோட்டாரையே மின்னாக்கியாக மாற்றி, அந்த 4 யூனிட்டில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகின்றன. மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசை கிடைப்பதால் ஏற்றத்திலும் அதற்குத் தயக்கம் கிடையாது. மலைக்கென்றே செய்த வண்டி போல நடந்துகொள்ளும் வகை அது. சார்ஜ் போட வழியிருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

வளைவில் வண்டி சாய்வதும் ஓட்டுபவரின் இன்பத்தோடு முடிந்துபோகிற விஷயம் அல்ல. உயரமான வண்டியின் எடைமையம் மேலே இருக்கும். சஸ்பென்ஷன் மிருதுவாக இருந்தால் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் உடல் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. சாய்வு எப்போது வரும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். பின்னிருக்கையில் இருக்கும் குழந்தைக்கும் பாட்டிக்கும் தெரியாது. முப்பதாவது வளைவுக்குள் வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுக்க வைப்பது இதுவே. வளைவில் நிமிர்ந்து நிற்கும் வண்டி பின்னிருக்கைக்காரர்களின் வயிற்றைக் காப்பாற்றுகிறது. சஸ்பென்ஷன் மிகக் கடினமாக இருந்தால் தோப்புச் சாலைக் குழிகளில் அவர்கள் முதுகு நோகும் என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது பொறியாளரின் உண்மையான வேலை. விவரத் தாளில் அதற்கு எண்ணே கிடையாது.

சமவெளிக்கு வந்தால் வேறொரு சோதனை. ஆத்தூர், ராசிபுரம், துறையூர் சாலைகளில் கரும்பு டிராக்டரும் மரவள்ளி ஏற்றிய லாரியும் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள் போகும். சேலம் – உளுந்தூர்பேட்டை சாலை நான்கு வழி ஆன பிறகும், ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலைகள் நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்டு, நேருக்கு நேர் மோதும் விபத்துகளுக்குப் பேர்போயின. இருவழிச் சாலையில் முந்தும் வண்டியும் எதிரே வரும் வண்டியும் மணிக்கு 80 கிலோமீட்டரில் இருந்தால், இடைவெளி ஒவ்வொரு நொடிக்கும் 44 மீட்டர் குறைகிறது. முந்தி முடிக்க இரண்டு நொடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வண்டிக்குக் கிட்டத்தட்ட 90 மீட்டர் கூடுதல் வெற்றுச் சாலை வேண்டும். கொல்லிமலையில் தடுமாறிய டர்போ பெட்ரோல் இங்கே ஒளிர்கிறது. மூன்றாவது கியரில் 2,000 சுற்றுக்கு மேல் அதன் விசை முழுக்கக் கையில் இருக்கும். டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினை இரண்டாவது கியருக்கு இறக்கி அலறவிட்டால்தான் அதே வேகம் கிடைக்கும். அந்தச் சத்தத்துக்கு அஞ்சி மூன்றாவதிலேயே மிதித்துக்கொண்டு முந்தப் போவதுதான் ஆபத்து. மாதம் நான்கு முறை சேலம் போய், ஆண்டுக்கு ஒரு முறை மலை ஏறும் குடும்பத்துக்கு எந்தச் சாலை தன் சாலை என்ற தெளிவு வேண்டும்.

பணக் கணக்கு இதைவிட எளிது, சொல்லப்படும் அளவுக்குப் பெரியதும் அல்ல. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் 800 லிட்டர், 17 கொடுத்தால் ஏறக்குறைய 706 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என வைத்தால் வேறுபாடு ஆண்டுக்கு 9,400 ரூபாய், மாதம் 800க்கும் கீழே. மைலேஜ் என்ற ஒரே சொல்லுக்காக நல்ல பிரேக்கையும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டையும் விட்டுக்கொடுப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடும் மஞ்சள் வியாபாரிக்கு இந்தக் கணக்கு வேறு. அவருக்கு டீசல் இன்றும் நியாயமான தேர்வு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. டாடா, மகிந்திரா, ஹூண்டாய், கியா ஆகியவை விடவில்லை.

சிஎன்ஜி எடுத்தால் எரிபொருள் செலவு இன்னும் குறையும். ஆனால் பிரெஸ்ஸா சிஎன்ஜியில் எஞ்சின் 88 பிஎஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது, டிக்கியின் பெரும் பகுதியைச் சிலிண்டர் எடுத்துக்கொள்கிறது. டாடா இரண்டு சிறிய சிலிண்டர்களாகப் பிரித்துத் தரைக்கு அடியில் வைத்து டிக்கியை மீட்டது. தம்மம்பட்டிக்கு டிக்கி முக்கியம். அதன் லிட்டர் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. மூன்றடிச் சாமி சிலையைப் படுக்கவைக்க வேண்டுமானால் 328 லிட்டரும் போதாது, 405 லிட்டரும் போதாது. பின்னிருக்கை 60:40 ஆக மடங்குமா, மடங்கினால் தரை சமமாகிறதா, டிக்கி விளிம்பு இடுப்பு உயரத்துக்கு மேலே இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். விளிம்பு உயரமாக இருந்தால் வாகை மரச் சிலையைத் தூக்கி உள்ளே இறக்க இரண்டு ஆள் வேண்டும். விலை குறைந்த வகைகளில் இருக்கை ஒரே பலகையாக மடங்கும். சிலையை வைத்தால் பின்னால் ஒருவரும் உட்கார முடியாது. விலைப் பட்டியலில் இது ஒரு சிறு வரி. வாங்கிய பிறகு மாற்ற முடியாத வரி.

பாதுகாப்பு, ஓட்டும் திறன், பயன்பாடு என்ற இரு பக்கங்களில் எதிலும் சேராமல் வெளியே நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 2018இல் நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு ஆனது. அதே ஆண்டு விட்டாரா பிரெஸ்ஸா நான்கு பெற்றது. எக்ஸ்யூவி300 2020 ஜனவரியில் ஐந்து பெற்றது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நாட்டுக்கே உரிய சோதனை நடைமுறையில் இருக்கிறது. மோதிய பிறகு உயிரைக் காப்பது உடலமைப்பும் காற்றுப் பைகளும். மோதாமல் தப்பவைப்பது பிரேக், ஸ்டியரிங், டயர், தேவைப்பட்ட நொடியில் கிடைக்கும் இழுவை. ஓட்டும் திறன் என்று சொல்லப்படுவது முழுக்க இந்த இரண்டாவது வகைப் பாதுகாப்புதான்.

ஆகவே இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வரிசை சொல்ல முடியும். ஓட்டம் அதிகம், சுமை அதிகம், மலையும் உண்டு என்றால் 1.5 டீசல். ஓட்டம் குறைவு, மலையேற்றம் உண்டு, சர்வீஸ் பக்கத்திலேயே வேண்டும் என்றால் டர்போ இல்லாத 1.5 பெட்ரோல். நெடுஞ்சாலை ஓட்டமே பெரும்பகுதி என்றால் டர்போ பெட்ரோல், முடிந்தால் டார்க் கன்வர்டரோடு. வீட்டில் சார்ஜ் போட வசதியும் பெரும்பாலும் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டமும் உள்ளவர்கள் மின்காரை யோசிக்கலாம். 72, 83 பிஎஸ் எஞ்சின்கள் தனியாளுக்கும் இருவருக்கும் போதும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அவை வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும்.

ஷோரூம்காரர் தரும் சுற்று ஆத்தூரிலோ சேலத்திலோ சமமான சாலையில் கால் மணி நேரம்தான் இருக்கும். அதை ஏற்க வேண்டாம். ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, கொல்லிமலைக்குப் போகும் காரவள்ளி அல்லது முள்ளுக்குறிச்சி வழியில் பத்து வளைவாவது ஏறி இறங்க வண்டி கேளுங்கள். தர மறுத்தால், அதே எஞ்சினும் அதே கியர்பாக்ஸும் உள்ள வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள்; பத்து லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு அந்த வாடகை பெரிய செலவு அல்ல. வளைவில் நின்று யோசிக்கும் வண்டியையும், இறக்கத்தில் பிரேக் மிதி மெத்தென்று ஆகும் வண்டியையும், பின்னால் உட்கார்ந்தவர்கள் முகம் வெளிறி இறங்கும் வண்டியையும் வாங்காதீர்கள்.